அசையாத வட்டு

உலகத்துக்கே நாற்பதுதான் செய்தார்கள். அதில் ஒன்று தன் தங்கை வீட்டு ஹாலுக்கு வந்துவிட்டது என்று மனைவி சொன்னபோது, கண்ணாடிக்கடைக்காரர் துடைத்து முடித்த லென்ஸையே மறுபடியும் துடைத்தார்.

அந்தச் சிற்பத்துக்காக அவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காத்திருந்தவர். முன்னும் பின்னுமாகத் தொங்கும் இரண்டு அக்ரிலிக் வட்டுகள், இரண்டிலும் மயிரிழைக் கறுப்புக் கோடுகள். அறையில் யாராவது நடந்தாலே போதும், பின்வட்டு மெல்லத் திரும்பும். கோட்டின் மேல் கோடு ஏறி, ஒன்றுமில்லாத இடத்தில் குளத்தில் கல் விழுந்தாற்போல வளையங்கள் விரியும். கேட்டவர்கள் ஏராளம் என்று குலுக்கல் போட்டார்கள். இவருக்கு விழவில்லை. மனைவியின் தங்கை புருஷனுக்கு, டைல்ஸ் வியாபாரம் செய்யும் சகலைக்கு, விழுந்தது. அப்படி ஒன்று விற்பனைக்கு வருவதே சகலைக்கு இவர் சொல்லித்தான் தெரியும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஹாலின் நட்டநடுவில் வைத்திருந்தார்கள். சகலை சலித்துக்கொண்டார். அசையும் என்று சொன்னார்களாம். ஃபேனைத் திருப்பி வைத்தும் பார்த்தாயிற்று, கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கிறதாம். கூட வந்த தாள்களெல்லாம் பெட்டியோடு குப்பைக்குப் போய்விட்டன.

கண்ணாடிக்கடைக்காரர் சிற்பத்தின் பின்பக்கம் குனிந்தார். வட்டின் அச்சருகே தீக்குச்சி தடிமனில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் முளை. வண்டியில் வரும்போது வட்டு ஆடி உடையாமலிருக்கச் செருகுவது. அதைப் பிடுங்கினால் வேலை முடிந்தது. விரல் அதுவரை போனது, திரும்பி வந்தது.

"சிலது அப்படித்தான், சகலை. அது அசையாது. நாமதான் அசையணும். தலையை இப்படி இப்படி ஆட்டிப் பாருங்க, கோடு ஓடும்."

கோடு ஓடத்தான் செய்தது, கொஞ்சம். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் சிற்பத்தின் முன் நின்று தலையை ஆட்டினார்கள். கண்ணாடிக்கடைக்காரருக்கு வயிறு குளிர்ந்தது.

ஆனால் சகலை ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை. இவர்களுடைய கல்யாண நாளன்று சிற்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். எங்களுக்கு இதோட அருமை தெரியல, உங்களுக்குத்தான் தெரியும் என்றார். கேட்காமலே, விலை பேசாமலே கிடைத்தது. வாங்கும்போது கண்ணாடிக்கடைக்காரருக்குக் கை கூசியது.

சகலையின் கார் தெருமுனை திரும்பியதும் முளையைப் பிடுங்கினார். வட்டு புரண்டு எழுந்து, வளையம் வளையமாக விரிந்தது. மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அப்புறம்தான் தொல்லை. தங்கை வீட்டார் வருகிறார்கள் என்று ஃபோன் வந்தால், முளை மறுபடி உள்ளே போகும். "அவங்க வந்தா மட்டும் இதுக்கு என்ன, பக்கவாதமா?" என்றாள் மனைவி ஒருநாள். தூசி ஏறாமலிருக்க என்று ஏதோ சொன்னார். அவருக்கோ வேறு குறை. இதைச் சகலை பார்க்க வேண்டும், பார்த்து வயிறு எரிய வேண்டும். அது நடக்காதவரை சிற்பம் இன்னும் அந்த வீட்டு ஹாலிலேயே இருப்பதுபோல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை கொழுந்தியாளோடு தன் நண்பர்களையும் கூட்டிவந்தார். "இதுதான் எங்க ஊமை வட்டு. நான் குடுத்தது. தலையை ஆட்டினாத்தான் மரியாதை" என்று அறிமுகப்படுத்தினார். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆட்டினார்கள். கண்ணாடிக்கடைக்காரருக்குத் தாங்கவில்லை. பின்னால் கையை விட்டு முளையை உருவினார்.

சிரிப்பு நின்றது. வளையங்கள் விரிந்தன, சுருங்கின, மறுபடி விரிந்தன. சகலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்துத்தான் இவர் கையிலிருந்ததைக் கவனித்தார்.

"அது என்னது?"

"பூட்டு மாதிரி. நேத்துதான் கண்ணுல பட்டுது."

"நேத்தா?" என்றாள் மனைவி, காபித் தட்டோடு.

சகலை அவளைப் பார்த்தார், பிறகு இவரை. முகம் ஒரு கணம் மாறியது. அதற்குள் ஒரு வளையம் விரிய, கண் அதன் பின்னாலேயே போய்விட்டது. "போகட்டும். எங்கிட்ட இருந்தா ஆயுசுக்கும் சும்மாதான் நின்னிருக்கும்" என்றார்.

கொழுந்தியாள் கேட்டாள், "அத்தான், ரெண்டு நாள் எங்க வீட்ல வச்சுப் பார்த்துட்டுத் தரட்டுமா?"

"தூக்கினா கெட்டுடும்." யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"அப்ப நாங்களே வந்து பார்த்துக்கறோம்" என்றார் சகலை.

சொன்னபடியே ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டுக்கு எதிரே உட்கார்ந்தால், காபி ஆறுவதுகூடத் தெரியாது. கண்ணாடிக்கடைக்காரர் பக்கத்து நாற்காலியில் இருப்பார். வட்டை அவர் பார்ப்பதில்லை. இந்த வாரமாவது ஒரு பொட்டுப் பொறாமை தெரிகிறதா என்று சகலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.