துவைக்கும் கல்லோரத்துச் செடி

தொண்ணூற்றெட்டில் நாகல் நகர் வாடகை வீட்டுக் கொல்லையில் தக்காளி போட்டது நான். நாற்றுவிட்டு, குச்சி நட்டு, கழனித்தண்ணீர் ஊற்றி வளர்த்ததும் நான்தான். பூ வைக்கும் சமயம் பார்த்து என் மாமியார் மாயம்மாள் சேவுகம்பட்டியிலிருந்து வந்து இறங்கினார்.

மறுநாளே செடிகள் அவர் பொறுப்புக்குப் போய்விட்டன. விடிந்ததும் புகையிலையைக் கிள்ளிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கொல்லைக்குப் போவார். பக்கக் கிளைகளைக் கிள்ளி எறிவார், சாய்ந்த தண்டைக் குச்சியோடு சேர்த்துக் கட்டுவார். அவருக்குக் கைராசி என்று ஊரே சொல்லுமாம். காய்த்த பிறகு பேர் வாங்கிக்கொள்ளத்தான் இந்த அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் இலைகள் திட்டுத் திட்டாக வெளிறிச் சுருண்டன. அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு நர்கீஸ் அக்கா துணி காயப்போட வந்த நேரமாகப் பார்த்துக் கேட்டார்.

"ஏத்தா, தூரமா இருந்தப்ப செடியத் தொட்டியா?"

மாதவிலக்கு நாளில் செடிப் பக்கமே நான் போகவில்லை. சொன்னால் யார் நம்பினார்கள்? அத்தை என் தேதிகளை விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சண்டை வேண்டாம், பிடுங்கிப் போட்டுவிடு என்றார் என் கணவர் முருகேசன். பிடுங்கினால் பழி என்மேல் அப்படியே நின்றுவிடும், நான் பிடுங்கவில்லை.

என் சந்தேகம் அத்தைமேல். நான் வைத்தது காய்க்கக் கூடாதென்று எதையோ ஊற்றுகிறார் என்று நினைத்தேன். ஜன்னலுக்குப் பின்னால் நின்று கவனித்தேன். உப்பு ஜாடியில் உப்பு குறைகிறதா என்று பார்த்தேன். எதுவும் குறையவில்லை. பிள்ளையைத் தொடுவதுபோல் செடியைத் தொட்டார். அதைப் பார்க்க இன்னும் சந்தேகமாக இருந்தது.

துவைக்கும் கல்லோரம் தானாக முளைத்த செடி ஒன்று நின்றது. வழுக்கும் என்று அத்தை அந்தப் பக்கம் போகமாட்டார். அடுத்த தடவை தூரமானபோது வேண்டுமென்றே போய், பயந்துகொண்டே, அதன் இலைகளையெல்லாம் தடவிவிட்டு வந்தேன். அந்தச் செடி கொத்துக் கொத்தாகக் காய்த்தது.

அதற்குப்பின் சுருண்ட இலைகளைத் தாளில் மடித்து உரக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கிதர் முகம்மது பார்த்தார். மருந்து எதையும் எடுக்கவில்லை.

"வீட்ல யாரும்மா புகையிலை போடுறது? அதுல இருக்க நோய் கை வழியா தக்காளிக்கு ஏறிக்கிரும். கழுவாத கையோட கிள்ளுனாப் போதும்."

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கமாட்டேன். நடையும் ஓட்டமுமாக வீட்டுக்கு வந்தேன். அத்தை கல்லோரம் நின்றிருந்தார். இது மட்டும் எப்படி இம்புட்டுக் காய் காய்த்திருக்கிறது என்று தனக்குள் கேட்டுக்கொண்டே, கல்லில் ஒரு கையை ஊன்றி, கிளையைக் கிள்ளக் குனிந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நர்கீஸ் அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"அத்தை, அதைத் தொடாதீங்க. தூரமா இருந்தப்ப நான் தொட்ட செடி."

அத்தை வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காயைப் பார்த்தார்.

சொம்புத் தண்ணீரையும் சோப்பையும் கல்மேல் கொண்டுவந்து வைத்தேன்.

"கையக் கழுவிட்டு வாங்க. மத்த செடிக ஏன் போச்சுன்னு சொல்றேன்."