ஓரமாக நின்ற பிரிசில்லா

வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் சதீஷ்குமார் மதியச் சாப்பாட்டுக்குக் காரைக் கேட்டுக்கு வெளியே எடுத்தபோது, இடது பக்கம் எதிலோ மோதிய சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால், அவருடைய கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பிரிசில்லா கீழே கிடந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"கண்ணு தெரியாதா உனக்கு? குறுக்க வந்து விழற!"

சாப்பாட்டுக்கு வெளியே வந்த தொழிலாளர்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். "இல்லீங்க சார், நான்..." என்று ஆரம்பித்தவள் அழுகையை அடக்கிக்கொண்டாள். யாரோ ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

சாயங்காலம் கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தார். அவள் சுவரோரமாக ஒதுங்கித்தான் நின்றிருந்தாள். கார்தான் அவள்மேல் போயிருந்தது. கொஞ்ச நாளாக அவரே கதவு நிலையில் இடித்துக்கொள்வதும், பக்கத்தில் இருக்கும் டீ கிளாஸைத் தட்டிவிடுவதும் அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கண் ஆஸ்பத்திரியில், ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் புள்ளிகள் நின்றுவிட்டன.

"ஏனுங்க, மிஷின் நின்னு போச்சுங்களா?"

"இல்லீங்க சார், ஓடிட்டுத்தான் இருக்குது."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "குளுக்கோமாங்க. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு கெட்டு, ஓரப்பார்வை போயிருக்குது. வலிக்காது. நேர்ப்பார்வை நல்லா இருக்கறதால யாருக்கும் தெரியறதில்லைங்க. போன பார்வை திரும்ப வராது. சொட்டு மருந்தை விடாம போட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம். உங்க குடும்பத்துல யாருக்காச்சும் இருந்துச்சுங்களா?"

அப்பாவுக்கு இருந்தது. அவருக்குப் பார்வை போனபோதே, பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தங்கை தரணி சோதனைக்குக் கூப்பிட்டபோது, "ஷிப்மெண்ட் நேரத்துல இதெல்லாம் எதுக்கு? நல்லாத்தானே தெரியுது" என்று அவளையும் தடுத்தது சதீஷ்குமார்தான். டாக்டரிடம் வெறுமனே தலையாட்டினார்.

பிரிசில்லாவின் வீட்டுக்கு ஆட்டோவில் போனார். அவள் கணவன் மோகன்ராஜ் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"தப்பு என் மேலீங்க. எனக்குத்தான் ஓரம் தெரியலீங்க" என்றார்.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி பிரிசில்லா சொன்னாள்: "அதைக் கம்பெனியில சொல்லுங்க சார். அங்கதானுங்க என்னைத் திட்டுனீங்க."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டருகே நின்று எல்லோரிடமும் சொன்னார். பாதியில் குரல் இறங்கிவிட்டது. தலை குனிந்தபடியே உள்ளே போனார்.

அந்த வாரமே தரணியைக் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கும் அழுத்தம் ஏறியிருந்தது. ஆனால் பார்வைக்கு இன்னும் சேதமில்லை, மருந்திலேயே நிறுத்திவிடலாம் என்றார்கள்.

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலியேண்ணா" என்றாள் தரணி. பிறகு மெதுவாக, "அன்னிக்கே வந்திருந்தா நீயும் இப்படித் தப்பிச்சிருப்பே."

சதீஷ்குமாரால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.