ஒன்றரை இறாத்தல் விசை

மொன்றியல் தமிழ் வேட்டைக் கழகத்தில் மொத்தம் மூன்று பேர். சிவநேசம் தலைவர், பேனாட் செயலாளர், ரங்கநாதன் நிர்வாக சபை. கழகத்துக்கு இறப்பர் முத்திரை உண்டு, கடிதத்தாள் உண்டு, தலைவர் துவக்கோடு நிற்கும் படம் போட்ட கலண்டர்கூட ஒரு வருடம் வெளிவந்தது. தலைவர் சுட்ட மான் ஒன்றுதான் இன்னும் கிடைத்தபாடில்லை.

அதற்குக் காரணம் கழகத்தின் விதிகளைச் சொல்லும் யாப்பு. யாப்பை எழுதியவர் சிவநேசமேதான். நவம்பர் வேட்டைக்கு அவர்கள் வாடகைக்கு எடுக்கும் மரவீட்டுக் காணியில் மானுக்குக் காத்திருக்கும் ஏணி மேடை இரண்டு, ஆள் மூன்று. ஆகவே ஒவ்வொரு செப்டெம்பரிலும் சுடுகளத்தில் ஆளுக்கு ஐந்து சூடு சுட வேண்டும். ஆகக் குறைந்த புள்ளி எடுப்பவர் வேட்டை வாரம் முழுவதும் குசினியில் நின்று சமைக்க வேண்டும். ஏழாம் பிரிவு. இதை எழுதும்போது குசினிக்குள் ரங்கநாதன் நிற்பதாகத்தான் அவர் மனக்கண்ணில் தெரிந்தது. சென்னையிலிருந்து வந்து ஐ.டி. கம்பனியில் வேலை செய்யும் பிள்ளை, துவக்கைப் படத்தில்தான் பார்த்திருக்கும் என்று நினைத்தார். மூன்று வருடமாகக் குசினியில் நின்றவர் தலைவர்.

இந்த வருடமும் சட்டிதான் என்றால் தலைவர் பதவியை விட்டுவிடுவதென்று அவர் தீர்மானித்திருந்தார். ஏனென்றால் வில்லரேயில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், இருநூறு பேருக்கு முன்னால், ஒலிவாங்கி கையில் இருந்த தைரியத்தில், “இந்த முறை மேடையிலை ஏறுவன், கொம்போடை வருவன்” என்று சொல்லிவிட்டார். கைதட்டலும் வாங்கிவிட்டார். வாங்கிய கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

முதல் வருடத் தோல்விக்குக் காற்று காரணம். இரண்டாம் வருடம் மூக்குக்கண்ணாடி. மூன்றாம் வருடம் தோட்டாவின் தரம். இந்த வருடம் யூடியூப்பில் தாடி வைத்த ஒருவர் உண்மையைப் போட்டு உடைத்தார்: துவக்கோடு கம்பனி தரும் விசை வெறும் குப்பை. நல்ல விசை தனியே வாங்கிப் பூட்ட வேண்டும். அது விடுபடும்போது மெல்லிய கண்ணாடிக் குச்சி முறிவதுபோல இருக்க வேண்டும்.

“கண்ணாடி முறியிறமாதிரி, விளங்குதே?” என்று அன்று இரவுச் சாப்பாட்டில் மனைவி புஷ்பவதிக்கு விளக்கினார். “இப்ப இருக்கிற ட்ரிகரை இழுக்க மூண்டரை றாத்தல் பலம் வேணும். நான் வாங்கப்போறது ஒண்டரை றாத்தல்.”

புஷ்பவதி சொதியை விட்டபடி கேட்டாள். “மூண்டரை றாத்தலை இழுக்க ஏலாதே உங்களுக்கு? போன கிழமை இருவது கிலோ அரிசி மூட்டையைத் தோளிலை வைச்சுக்கொண்டு மூண்டாம் மாடிக்கு ஏறினனியள்.”

“அது வேறை பலம். இது நுட்பம்.”

“நுட்பம் எண்டால் சரி. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?”

ரங்கநாதன் விஷயத்தைக் கேள்விப்பட்டதும் கணினியில் அட்டவணை போட்டுக்கொண்டு வந்தான். சந்தையில் உள்ள பதினான்கு விசைகள், பதினொரு பத்திகள். நாக்கு வளைந்ததா தட்டையா, ஒரே இழுப்பா இரண்டு கட்டமா, எடை எவ்வளவு, யார் என்ன விமர்சனம் எழுதினார்கள், எல்லாம் இருந்தது.

“இரண்டு கட்டம்னா என்ன சார்னா, முதல்ல கொஞ்சம் லூஸா வரும், அப்புறம் ஒரு இடத்துல சுவர் மாதிரி நிக்கும். அந்தச் சுவரைத் தாண்டினா வெடிக்கும். நம்ம ஆஃபீஸ்ல லீவ் கேக்கற மாதிரி.”

“எனக்குச் சுவர் வேண்டாம் தம்பி. தொட்டவுடனை போகவேணும்.”

சனிக்கிழமை இரண்டு பேரும் நகரத்தின் கிழக்கே, துறைமுகத்துக்குப் போகும் லொறிகள் திரும்புகிற தெருவில் இருந்த துவக்குக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் சிவநேசத்தின் துவக்கை வாங்கி, போல்டைத் திறந்து வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, சுவரை நோக்கிப் பிடித்து ஐந்து தரம் விசையை இழுத்தார். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னார். இருபத்தெட்டு வருடமாக இந்த நகரத்தில் இருக்கும் சிவநேசத்துக்கு, நான்கு வருடமாக இருக்கும் ரங்கநாதன் மொழிபெயர்த்தான்.

“இது நல்லாத்தானே இருக்கு, ஏன் மாத்தறீங்கன்னு கேக்கறார்.”

“வியாபாரம் தெரியாத மனுசன்,” என்றார் சிவநேசம்.

கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது கறுப்பு, வேட்டைக்காரர் வாங்குவது. இரண்டாவது இரண்டு கட்ட விசை. மூன்றாவது சிவப்பு, தட்டை நாக்கு, ஒன்றரை இறாத்தலுக்கு இறக்கலாம், போட்டிக்காரர் மேசையில் சாய்ந்து சுடுவதற்கானது. சிவநேசத்தின் கை கறுப்புக்கும் இரண்டு கட்டத்துக்கும் மேலாகப் பறந்து சிவப்பில் போய் இறங்கியது.

கடைக்காரர் மறுபடி பேசினார். ரங்கநாதன் தயங்கினான். “நவம்பர்ல கையுறை போட்டுக்கிட்டு சுடுவீங்களே, கையுறை பட்டாலே இது விட்டுரும், கறுப்பை எடுத்துக்கங்கன்னு சொல்றார். என் ஷீட்லயும் கறுப்புதான் சார் ஃபர்ஸ்ட்.”

“தலைவர் கையுறை போடுறதில்லை எண்டு சொல்லும்.”

ரங்கநாதன் அதை எப்படி மொழிபெயர்த்தானோ தெரியாது. கடைக்காரர் சிவநேசத்தை மரியாதையோடு ஒருமுறை பார்த்துவிட்டு, சிவப்புப் பெட்டியை உறையில் போட்டார்.

புதிதாக வாங்கிய எதையும் சிவநேசம் கோயிலுக்குக் காட்டாமல் பாவித்ததில்லை. கார் மூன்று, சலவை இயந்திரம் ஒன்று, பனி தள்ளும் மெஷின் ஒன்று, எல்லாம் அர்ச்சனை கண்டவை. துவக்கைக் கோயிலுக்குக் கொண்டுபோகக்கூடாது என்பது அவருக்கும் தெரியும். விசை மட்டும் துவக்காகாதே. தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, நடுவில் சிவப்பு விசை. ஐயர் அதைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தார்.

“என்ன சாமான் இது?”

“ஒரு மெஷின் பார்ட்ஸ், ஐயா.”

“பேர், நட்சத்திரம்?”

“சிவநேசம், உத்தரட்டாதி.”

“மெஷினுக்கோ உங்களுக்கோ?”

“ரண்டுக்கும் ஒண்டுதான்.”

ஐயர் மேலே சின்னதாய் ஒரு சந்தனப்பொட்டு வைத்தார். சிவநேசத்துக்கு அது போதாமல் பட்டது. வீட்டுக்கு வந்து, சந்தனத்தைப் பன்னீரில் கட்டியாய்க் குழைத்து, நான்கு பக்கமும் பொட்டு வைத்து, பொட்டின் மேல் குங்குமம் வைத்து, திருநீற்றை மூன்று குறியாய்ப் பூசினார். சந்தனம் கொஞ்சம் இடுக்கு வழியாக உள்ளேயும் இறங்கியது. உள்ளேயும் அருள் வேண்டியதுதானே என்று விட்டுவிட்டார். அன்று மாலையே நல்ல நேரம் பார்த்து, படத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே பூட்டினார். வெறுந்துவக்கை இழுத்துப் பார்த்தார். கண்ணாடி முறிந்தது. இன்னும் இருபது தரம் முறித்துவிட்டு, துவக்கை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். போட்டிக்கு இன்னும் பதினாறு நாள்.

பதினாறு நாளில் சந்தனம் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை.

போட்டியன்று சுடுகளத்தில் வெயில் மஞ்சளாய் விழுந்தது. பேனாட் முதலில் சுட்டான். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைத் திருத்துகிற வேலை அவனுக்கு. அதிகம் கதைக்க மாட்டான், பத்து வருடப் பழைய துவக்கு, கம்பனி விசை. ஐம்பதுக்கு நாற்பத்தாறு. பிறகு ரங்கநாதன் ஒவ்வொரு சூட்டுக்கும் காற்றின் வேகத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்துச் சுட்டான். முப்பத்துமூன்று.

சிவநேசம் எழுந்தார். முதலில் காரிலிருந்து ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே பழைய விசை.

“பாருங்கோ, இதுதான் ஆள். மூண்டு வருசமாய் என்னைக் குசினிக்குள்ளை விட்டவர்.”

“கும்பிடுறம்,” என்றான் பேனாட்.

சிவநேசம் அமர்ந்தார், காதுமூடியைப் போட்டார், சாய்ந்தார், மூச்சை இழுத்துப் பாதியில் நிறுத்தினார், விசையை இழுத்தார்.

வெடிக்கவில்லை. ஆனால் துவக்கின் முனை கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு முழம் கீழே போயிற்று. தலைவரின் இரண்டு கண்ணும் இறுக மூடின. தோள் இரண்டும் காதுவரை ஏறின. சத்தமேயில்லாத அந்தச் சூட்டுக்குத் தலைவர் முழு உடம்பாலும் பயந்தார்.

பின்னால் இருவரும் அதைத் தெளிவாகப் பார்த்தார்கள். ஒவ்வொரு சூட்டிலும் இதுதான் நடந்திருக்கிறது. இத்தனை காலமும் வெடிச்சத்தமும் உதையும் வந்து அதை மறைத்துவிட்டன.

“அசையாதையுங்கோ அண்ணை. முனை அங்காலையே பாத்தபடி இருக்கட்டும்,” என்றான் பேனாட். ஒரு நிமிடம் காத்திருந்து, போல்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தான். மரப்பிடியைக் கழற்றி விசையை வெயிலுக்குக் காட்டினான். இடுக்கில் ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. முகர்ந்தான்.

“அண்ணை. உதுக்குள்ளை என்ன?”

“சந்தனம்.”

“சந்தனம்?”

“கொஞ்சம் குங்குமமும்.”

பேனாட் அதை ரங்கநாதனிடம் நீட்டினான். ரங்கநாதனும் முகர்ந்தான். “என் ஷீட்ல இதுக்கு ஒரு பத்தி இல்ல சார்,” என்றான். அதோடு பேனாட்டால் தாங்க முடியவில்லை. வாயே திறக்காத மனிதன் மேசையில் கவிழ்ந்து, தோள் குலுங்கச் சிரித்தான். சிவநேசம் முறைத்துப் பார்த்தார். முறைப்பு அவரிடமே அதிகநேரம் நிற்கவில்லை. சந்தன வாசத்தோடு ஒரு துவக்கு, அதைச் சுற்றி ஒரு கழகம். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்த பிறகு, கண்ணைத் துடைத்தபடி மெதுவாகக் கேட்டார். “நான் கண்ணை மூடினனானே?”

“ரண்டையும்,” என்றான் பேனாட். “அண்ணை, ஊரிலை ஷெல் சத்தம் கேட்டால் என்ன செய்வம்? தலையைக் குனிஞ்சு கண்ணை மூடிக்கொண்டு பங்கருக்குள்ளை விழுவம். நல்ல பழக்கம். அதாலைதான் இண்டைக்கு இஞ்சை இருக்கிறம். உங்கடை உடம்பு இன்னும் பங்கரை விட்டு வெளியிலை வரேல்லை, அவ்வளவுதான். அதுக்கு ஒண்டரை றாத்தல் என்ன செய்யும்?”

சிவநேசம் பையிலிருந்த பழைய விசையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவர் எழுதிய யாப்பில் இதற்கும் பிரிவு இல்லை.

பேனாட் தன் கருவிப் பையை எடுத்து, இருபது நிமிடத்தில் அந்தப் பழைய குற்றவாளியை மீண்டும் துவக்குக்குள் பூட்டினான். பிறகு செயலாளர் என்ற முறையில் ஒரு தீர்ப்பு வழங்கினான். தோட்டாக்களைத் தானே ஒவ்வொன்றாகப் போடுவான். சில மருந்துள்ளவை, சில வெற்றுத் தோட்டா. எது என்று தலைவருக்குத் தெரியாது. ஐந்து வெடி வெடிக்கும்வரை சுட வேண்டும். ரங்கநாதன் அதை ஏற்றுக்கொண்டான். முப்பத்துமூன்றில் இருக்கும் ஒருவனுக்குத் தலைவரைப் பற்றிய பயம் இருக்கவில்லை.

முதல் தோட்டா வெற்று. முனை தாழ்ந்தது. “கிணறு,” என்றான் பேனாட். இரண்டாவதும் வெற்று. “அரைக்கிணறு.” மூன்றாவது வெற்று. இந்த முறை சிவநேசத்துக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்ததால் தோள் இறங்கிவிட்டது. நான்காவதும் வெற்றாகத்தான் இருக்கும், பேனாட் விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி, அந்தக் கம்பனி விசையை மெல்ல, மெல்ல இழுத்தார்.

வெடித்தது. வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் துவக்கு வெடிப்பதை அவர் கண்ணால் பார்த்தார்.

ஐந்து வெடி முடிய முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. பேனாட் இலக்குக் கடதாசியைக் கொண்டுவந்து விரித்தான். மூவரும் குனிந்து எண்ணினார்கள், பிறகு இன்னொருமுறை எண்ணினார்கள்.

முப்பத்துநான்கு.

“சார், அந்த ஓரத்துல இருக்கறது கோட்டைத் தொடுதா?” என்றான் ரங்கநாதன்.

“தொடுது தம்பி. நல்லாய்த் தொடுது. குசினியிலை எண்ணெய் எங்கை இருக்கெண்டு பேந்து காட்டுறன்.”

வீட்டில் சொன்னபோது புஷ்பவதி கேட்ட முதல் கேள்வி, “அப்ப ஆர் சமைக்கிறது?”

“ரங்கநாதன்.”

“அந்தப் பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமோ?”

“அட்டவணை போடும்.”

நவம்பர் முதல் விடியலில் தலைவர் மேடையில் ஏறி அமர்ந்தார். செம்மஞ்சள் அங்கி, மடியில் துவக்கு, கம்பனி விசை. கையுறையும் போட்டிருந்தார். கைவிடப்பட்ட ஆப்பிள் தோட்டம் பனிப்படலத்துக்குள் கிடந்தது. மூன்று வருடமாகக் குசினி யன்னலால் பார்த்த இடம். ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்தார். குளிரில் மூக்கு நீர் ஒழுகியது. இவ்வளவு சந்தோசமாய் மூக்கு ஒழுகியதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் காற்று திரும்பியது. மரவீட்டுப் பக்கமிருந்து ஒரு வாசம் வந்தது. கருகிய வெங்காயம். பொறுத்துக்கொண்டார். பிறகு கருகிய பெருஞ்சீரகம். கண்ணை மூடினார். அடுத்ததாக, மிளகாய்த்தூளை வெறுஞ்சட்டியில் போட்ட வாசம் வந்தது. தோட்டத்தின் அந்தக் கோடியில் பேனாட் மேடையிலிருந்து இருமுவது கேட்டது.

இந்த வாசத்துக்கு மான் வராது. வந்தாலும் தும்மிக்கொண்டு போகும். சிவநேசம் தோட்டாக்களை வெளியே எடுத்தார், துவக்கைக் கயிற்றில் இறக்கினார், ஏணியால் இறங்கினார்.

குசினிக்குள் புகை. ரங்கநாதன் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணீரோடு நின்றான்.

“சார், ‘பொன்னிறமாக’ன்னா எத்தனை நிமிஷம்?”

“அகப்பையைத் தாரும் தம்பி.”

“நீங்க ஜெயிச்சீங்களே சார்.”

“ஓம். வென்றவன் சொல்லுறன், தாரும். நீர் போய் என்ரை மேடையிலை இரும்.”

ரங்கநாதன் அங்கியைப் போட்டுக்கொண்டு ஓடினான். சிவநேசம் யன்னலைத் திறந்துவிட்டு, சட்டியைக் கழுவி, புதிதாய் வெங்காயம் அரிந்தார். இம்முறை அவரை இங்கே யாரும் அனுப்பவில்லை. அது கறியிலும் தெரிந்தது. மதியம் பேனாட் மூன்றாம் தடவை சோறு போட்டுக்கொண்டு, ஏழாம் பிரிவைத் திருத்தி, இரண்டாவதாக வருபவருக்குச் சட்டி என்று எழுத வேண்டும் என்று பிரேரித்தான். நிர்வாக சபை வழிமொழிந்தது.

தலைவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் கண் யன்னலில் இருந்தது. ஆளில்லாத மேடையின் ஏணிக்காலில் ஒரு கொம்பன் மான் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. இவர் துவக்கு அறையில் பூட்டியிருந்தது, கையில் இருந்தது அகப்பை. அவர் அகப்பையை மெல்லத் தூக்கி, யன்னலுக்கு நேராகப் பிடித்து, இரண்டு கண்ணையும் திறந்தபடி குறிபார்த்தார். முனை கொஞ்சமும் தாழவில்லை.

“என்னண்ணை பாக்கிறியள்?” என்றான் பேனாட், தட்டிலிருந்து நிமிராமல்.

“ஒண்டுமில்லை,” என்றார் சிவநேசம். “சாப்பிடும். கறி ஆறுது.”