பச்சை வட்டம்

“இந்த அக்கவுண்ட்லதான் போடணுமா?” என்று வங்கிக் காசாளர் என்னிடம் கேட்டார். கணினியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. தலையை மட்டும் ஆட்டினேன்.

கொண்டுபோயிருந்தது தங்கையின் பரீட்சைப் பணம். மூவாயிரத்து இருநூறு. சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கும் அம்மா எட்டு மாதமாகப் பத்தும் இருபதுமாகச் சேர்த்தது.

வீட்டில் ஒரு பிஸ்கட் டின் உண்டு. அதற்குள் ஆறு பழைய கவர்கள்: வாடகை, அரிசி, கேஸ், கரண்ட், மருந்து, பரீட்சை. சம்பள நாளில் அம்மா தரையில் உட்கார்ந்து பங்கு போடுவாள். ஒரு கவர் இன்னொரு கவரிடம் கை நீட்டக் கூடாது என்பது அவள் சட்டம். நான் பள்ளியை விட்ட வருடம் அந்தச் சட்டம் இல்லை. என் பரீட்சைக் கவரை வாடகை தின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது, டின்னும் என் பொறுப்பாயிற்று.

அண்ணனுக்கு வண்டியில் போய்ப் பார்சல் கொடுக்கும் வேலை. “இன்னும் கவரும் டின்னுமா? ஊரு எங்கயோ போயிட்டிருக்கு,” என்று தன் பழைய போனை என்னிடம் தந்தான். அதில் ஒரு பட்ஜெட் ஆப். கவருக்குப் பதில் ஆறு வட்டங்கள். பணம் சேரச் சேரச் சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் பச்சையாகும்.

“சார்ஜ் போனா உன் வட்டம் சோறு போடுமாடா?” என்றாள் அம்மா.

“கரையான் வந்தா உன் கவர் மட்டும் மிஞ்சுமாக்கும்!”

“என்னை ஏன் இழுக்கற?” என்று உள்ளேயிருந்து கத்தினாள் தங்கை. எந்நேரமும் புத்தகத்தை அரிப்பதால் அவளுக்குக் கரையான் என்று பேர் வைத்தவன் அவன்தான்.

அந்த ஆப்புக்கு டின்னுக்குள் பார்க்கத் தெரியாது. வங்கியில் இருந்தால்தான் அதற்குப் பணம். தினமும் பத்து மணிக்குப் போன் கீச்சிடும்: ‘பரீட்சை: இதுவரை பூஜ்யம். இன்னும் பன்னிரண்டு நாள்.’ டின்னில் முழுப் பணமும் இருந்தது; பள்ளியில் கடைசி வாரம்தான் வாங்குவார்கள். இருந்தும் அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் டின்னைத் திறந்து எண்ணிப் பார்த்தேன்.

“என் அக்கவுண்ட்ல போட்டுடு. ஆப் அதோடதான் சேர்ந்திருக்கு, தானா பச்சையாயிடும். ஃபீஸும் அதுலேருந்தே கட்டிக்கலாம்,” என்றான் அண்ணன்.

போட்டேன். பச்சையானது. அம்மா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, “பரவால்லியே, பசேல்னு இருக்கே,” என்றாள்.

ஐந்தாம் தேதி காலை வட்டம் காலி. அதன் கீழே ஒரு வரி: ‘வண்டிக் கடன் நிலுவை செலுத்தப்பட்டது. வாழ்த்துகள்!’

அண்ணன் இரண்டு மாதமாகத் தவணை கட்டவில்லை. கணக்கில் எப்போதும் ஒன்றுமிருக்காது என்பதால் வங்கி துழாவிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போய்க்கொண்டிருந்தது. இந்த முறை அபராதத்தோடு அள்ளிக்கொண்டது. மிச்சம் நூற்றுப் பத்து.

“தானா எடுத்துக்கிச்சும்மா. நான் கைய வைக்கல.”

“தானா எடுக்க அது என்ன காக்காயாடா? டின்ல இருந்தா எந்தக் காக்கா மூடியத் தொறந்திருக்கும்?”

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேற்பார்வையாளரிடம் அம்மா முன்பணம் கேட்டாள். பழையதே இன்னும் கழியவில்லை என்றாராம். அண்ணன் கூட்டாளிகளிடம் அலைந்து நானூறு கொண்டுவந்தான். நான் வாடகைக் கவரை எடுத்து நீட்டினேன்.

“வீட்டுக்காரர் போன மாசமே பூட்டக் காட்டிட்டுப் போயிருக்கார். உள்ள வை,” என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பள்ளி அலுவலகத்தில் பணம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். நாலரைக்குப் போன் கீச்சிட்டது: ‘பரீட்சை: நாள் முடிந்தது. புதிய இலக்கு வைக்கலாமா?’

“அக்கா, அத அணைச்சிடேன்,” என்றாள் தங்கை.

ஞாயிற்றுக்கிழமை, பொத்தான் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை இரண்டு டிபன் பாக்ஸ் கட்டினேன். தங்கை பள்ளிப் பையைக் கட்டிலில் கவிழ்த்துப் புத்தகங்களைக் கொட்டினாள். காலிப் பையில் டிபன் பாக்ஸை வைத்தாள்.

“அடுத்த வருஷம் கட்டிடலாம்டி. டின்லயே வெக்கறேன். சத்தியமா,” என்றேன்.

அவள் செருப்பை மாட்டினாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவுக்குப் பின்னால் படியிறங்கினாள்.