லக்சிகாவுக்குச் செத்தவீடு இல்லை

1.

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குறிகட்டுவான் இறங்குதுறையில், கச்சதீவுத் திருவிழாவுக்குப் போகிற படகுக்காக வரிசையில் நின்ற காலையில். எனக்கு முன்னால் யூலியானா நின்றாள். ஊர்காவற்றுறையில் நான் மருந்து வாங்குகிற கடையில் வேலை செய்கிற பெண். சொந்த ஊர் எழுவைதீவு. பக்கத்தில் அவளது அண்ணன் மிரோஜன், தகப்பனோடு கடலுக்குப் போகிறவன். அன்றுதான் அவனை எனக்கு அறிமுகம் செய்திருந்தாள்.

நெடுந்தீவிலிருந்து வந்த படகு அப்போது ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. இறங்கியவர்களில் ஒரு பெண் எங்கள் வரிசையைக் கடந்து போனாள், நின்றாள், திரும்பி வந்தாள். யூலியானாவை உற்றுப் பார்த்தாள். பிறகு ஓடிவந்து கட்டிப்பிடித்துவிட்டாள்.

“லக்சிகா, வாறனெண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே நீர்?”

யூலியானா கையிலிருந்த சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள். “நான் லக்சிகா இல்லை. நீங்கள் ஆள் மாறிப் பிடிச்சிட்டியள்.”

வந்தவள் சிரித்தாள். பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். நீலச் சட்டையோடு தேவாலய வாசலில் நிற்கிற யூலியானா. யூலியானா படத்தைப் பார்த்தாள். அதன் பிறகு அந்தப் பெண்ணை அல்ல, அண்ணனைப் பார்த்தாள்.

“இது நீ எடுத்த படமெல்லோ, சின்னண்ணா?”

“நான்தான்,” என்றான் மிரோஜன்.

“என்ன, நான்தான்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“லக்சிகா. அது நான்தான்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் சத்தம் போடவில்லை. அவளது முகம் — (இங்கே ஓர் உவமை எழுதி அடித்துவிட்டேன். அவளது முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்பதே உண்மை.) பையைத் தோளில் சரிசெய்துகொண்டு யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். எங்களுக்கு உயிர்காப்பு அங்கியைக் கொடுத்து, படகில் ஏறச் சொன்னார்கள். ஏறினோம்.

2.

கதையை எப்படித் தொடங்குவது என்று பல நாள் தவித்தேன். கைவிட்ட தொடக்கங்கள் சில:

“கடலுக்கு அண்ணனைப் பறிகொடுத்த ஓர் இளைஞன்—” இப்படித் தொடங்கினால் அவன் செய்தது தெரியவருமுன்பே நீங்கள் அவனை மன்னித்துவிடுவீர்கள்.

“பெண்பெயரில் ஒளிந்திருந்த ஒருவன்—” இப்படித் தொடங்கினால் பிறகு அவன் என்ன சொன்னாலும் உங்கள் காதில் விழாது.

“நெடுந்தீவுப் பெண்ணொருத்தி அன்று காலை தன் உயிர்த்தோழியை முதன்முதலாக நேரில் கண்டாள்.” இது எனக்குப் பிடித்திருந்தது. பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த உண்மைக்கு ஒரு நிமிட ஆயுள்தான்.

அதனால்தான் கண்டதைக் கண்டபடி எழுதித் தொடங்கினேன். இனி வருவது கேட்டது.

3.

கச்சதீவில், பின்னேரம், சிலுவைப்பாதை தொடங்குவதற்கு முன் மிரோஜன் என்னிடம் வந்தான். தங்கை அவனோடு கதைப்பதை நிறுத்தியிருந்தாள். தூரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். யாரிடமாவது சொல்லவேண்டும் போல அவனுக்கு இருந்திருக்கலாம். நான் கதை எழுதுகிறவள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

அவர்களுக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். வலை இழுக்கப் போன இடத்தில் காற்று மாறி, வள்ளம் கவிழ்ந்து இறந்துபோனார். உடல் கிடைத்தது, அடக்கம் நடந்தது, வந்தவர்கள் போனார்கள். ஒருநாள் மிரோஜன் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதபோது தகப்பன் வந்து சொன்னாராம்: “நீயும் அழுதால் கொம்மாவை ஆர் பாக்கிறது?”

துயரத்தில் இருப்பவர்களுக்கென்று முகநூலில் ஒரு தமிழ்க் குழு இருந்தது. அதில் தன் பெயரிலேயே எழுதினான். ஆம்பிளைப் பிள்ளை, மனசைத் திடப்படுத்தும் என்று ஒருவர் பதில் போட்டார். வேறு சிலர் கும்பிடுகிற கைகளைப் போட்டார்கள். அவ்வளவுதான். கொஞ்ச நாளின் பின் லக்சிகா என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி அதே குழுவில் சேர்ந்தான். முன்பு எழுதியதை அழித்துவிட்டு அதையே மறுபடி போட்டான்.

“ஒரு சொல்லும் மாத்தேல்லை அக்கா. பேரை மட்டும்தான் மாத்தினனான்,” என்றான். “அண்டைக்கு எத்தினை பேர் வந்து சாப்பிட்டியா தங்கச்சி எண்டு கேட்டவை தெரியுமே.”

(ஒரு குறிப்பு. “நான் அழுதேன்” என்று தமிழில் எழுதினால், எழுதியவர் ஆணா பெண்ணா என்று அந்த வினைச்சொல் காட்டிக்கொடுக்காது. அவன், அவள் என்று பிரிக்க இன்னொருவர் வரவேண்டும். மிரோஜன் தன்னைப் பற்றி எழுதிய வாக்கியங்களில் இலக்கணப்படி பொய் இல்லை. இது அவனுக்குச் சாதகமான குறிப்பு அல்ல. பொய் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.)

4.

அந்தக் குழுவில்தான் கஜானி வந்தாள், இறங்குதுறையில் நாங்கள் கண்ட அந்தப் பெண். நெடுந்தீவு, தோட்டமும் மாடுமாக இருக்கிற கமக்காரக் குடும்பம், வீட்டில் கடைசிப் பிள்ளை. பெரியம்மாவின் சாவுக்குப் பிறகு குழுவில் சேர்ந்திருந்தாள். முதலில் எல்லாருக்கும் முன்னால் பதில் எழுதினாள். பிறகு தனியே.

“அண்ணா செத்தது எப்பிடியெண்டு எல்லாரும் கேட்டவை,” என்றான் மிரோஜன். “இருந்தது எப்பிடியெண்டு அவ மட்டும்தான் கேட்டவ. என்ன சாப்பாடு விருப்பம், என்னத்துக்குச் சண்டை பிடிக்கிறனீங்கள், பாடுவாரோ எண்டெல்லாம். அதுக்குப் பதில் எழுதேக்கை அண்ணா பக்கத்து அறையில இருக்கிற மாதிரி இருக்கும்.”

மாதக்கணக்காக எழுதிக்கொண்டார்கள். அவள் அழைப்பு எடுத்தால், சிக்னல் இல்லை என்று சொல்லித் தப்பினான். தீவில் இருக்கிறவர்கள் எவரும் இந்தப் பொய்யைச் சந்தேகப்படமாட்டார்கள்.

பிறகு ஒருநாள் அவள் எழுதினாள்: உம்மட்டை ஒரு விசயம் சொல்லவேணும். அதுக்கு முன்னம் உம்மட முகத்தை ஒருக்கால் பாக்கவேணும்.

அதுவரைக்கும் லக்சிகாவுக்கு முகம் இல்லை. ஒரு பூவின் படம்தான். மிரோஜன் இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் தங்கையின் படத்தை அனுப்பினான். அவள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லவேண்டியதைச் சொன்னாள்.

அவள் என்ன சொன்னாள்?

நானும் கேட்டேன். எழுதுகிறவளுக்கு அந்த ஆசை இருக்கும். மிரோஜன் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “அது லக்சிகாவுக்குச் சொன்னது. என்னட்டைக் கேக்காதேங்கோ.”

வீட்டுக்கு வந்து இரண்டாவது வரைவில் நானாகவே ஓர் இரகசியத்தைக் கற்பனை செய்து எழுதினேன். [கஜானிக்குப் பள்ளிக்கூடக் காலத்தில் —] பொருத்தமாகத்தான் இருந்தது. வாசித்துப் பார்த்தபோது, நான் அவளுடைய முகத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கதைப்பது போல இருந்தது. அழித்துவிட்டேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் விட்டிருக்கிறேன்.

5.

மிரோஜனை நான் நம்புகிறேனா? எழுத எழுத இந்தச் சந்தேகம் வந்துகொண்டே இருந்தது. துக்கத்தால் செய்தான் என்பது உண்மை. ஆனால் அந்தக் காரணம் முதல் வாரத்துக்குத்தான் போதும். படம் அனுப்பிய நாளுக்குப் போதாது. அங்கே மணலில் இருந்தபோதே கேட்டேன்.

“சொல்லிப்போடுவம் எண்டு ஒருக்காலும் வரேல்லையோ?”

“வந்தது. சொன்னால் அவ போயிடுவா.”

“போறதோ நிக்கிறதோ, அது அவ முடிவெடுக்கவேண்டியதெல்லோ?”

“ஓம்,” என்றான்.

இதற்கு மேல் அவன் ஏதாவது சொல்லியிருந்தால், எனக்கு அவனைப் பிடிக்காமல் போயிருக்கும்.

யூலியானாவிடம் போனேன். பாத்திரங்களை எழுதும்போது படத்துக்கு மட்டும் பயன்பட்ட ஆளை மறந்துவிடுவது சுலபம். நானும் முதல் வரைவில் அவளை ஒரு பந்தியோடு அனுப்பிவிட்டேன். அவள் சொன்னதை இப்போது முழுதாகத் தருகிறேன்.

“சின்னண்ணா பெரியண்ணாவை நினைச்சு அழுதது எனக்கு விளங்குது அக்கா. எனக்கும் அண்ணாதானே. ஆனால் அந்தப் பிள்ளை தன்ர விசயத்தை என்ர முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கு. என்னெண்டு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமெண்டு அதுக்கு ஒரு நினைப்பு இருக்கும். நாளைக்கு யாழ்ப்பாணத்தில என்னைக் கண்டால் வெக்கப்பட்டு மற்றப் பக்கத்தாலை போகும். நான் என்ன பிழை செய்தனான், என்னைக் கண்டு ஒராள் ஒளிக்க?”

திருவிழா முடிந்து திரும்பி வந்து குறிகட்டுவானில் இறங்கியதும், அங்கேயே நின்று அந்தக் கணக்கை அழிக்கச் சொன்னாள். அவன் அழித்தான். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

6.

கேட்காமல் இதை எழுதக்கூடாது என்று முடிவெடுத்து, கஜானியைத் தேடி நெடுந்தீவுக்குப் போனேன். அவளது மச்சாள் என்னோடு படித்தவள். அவள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன். கஜானி மாவிலித்துறைக்கே வந்து, படகால் இறங்குகிறவர்களுக்குள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்டைக்கு வரிசையில நிண்டனீங்கள் என்ன? நீங்கள் சிரிக்கேல்லை. கண்டனான்.”

கடற்கரையோரமாக நடந்தோம். அவளாகவே கதைக்கட்டும் என்று இருந்தேன்.

“கோபம்தான். பொம்பிளைப் பிள்ளையெண்டு நினைச்சுத்தானே சொன்னனான். ஆம்பிளையெண்டு தெரிஞ்சிருந்தால் ஒரு நாளும் சொல்லியிருக்கமாட்டன். அது அவருக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கேட்டுக்கொண்டு இருந்தவர்.” செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். “ஆனால் அக்கா, கோபத்தை விட இன்னொண்டு இருக்கு. எனக்கு லக்சிகா செத்துப்போன மாதிரி இருக்கு. ஒவ்வொரு நாளும் எழுதின பிள்ளை. இப்ப கணக்கும் இல்லை, பேரும் இல்லை, பேர் இருந்த இடத்தில முகநூல் பாவனையாளர் எண்டு கிடக்கு. என்ர வீட்டு ஆக்களுக்கு ஆர் செத்ததெண்டு நான் சொல்லுறது? செத்தவீடு எண்டு ஒண்டு இருந்தால் போய் அழலாம். இதுக்கு என்னத்தைச் செய்யிறது?”

நடந்துகொண்டே என் பக்கம் திரும்பினாள்.

“ஒண்டு கேக்கட்டே. அண்ணா செத்தது உண்மையோ?”

“ஓம். உண்மை.”

நின்றாள். “எல்லாம் புளுகெண்டு நினைச்சனான்,” என்றாள். அதன் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அழுகை யாருக்கானது என்று நான் கேட்கவில்லை. ஊகித்து எழுதவும் போவதில்லை.

திரும்பி வரும்போது தொலைபேசியைக் காட்டினாள். மிரோஜன் தன் சொந்தப் பெயரில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். முதல் வரி மட்டும் தெரிந்தது: நான் மிரோஜன், எழுவைதீவு. ஏற்கவா, அழிக்கவா என்று கீழே கேட்டுக்கொண்டிருந்தது. அவள் இரண்டையும் தொடவில்லை.

எழுத அனுமதி கேட்டேன். லக்சிகாவுக்குச் சொன்ன விசயம் வரக்கூடாது, தன் பெயர் வரக்கூடாது என்றாள். கஜானி அவளே தெரிந்தெடுத்த பெயர்.

“அப்ப நானும் இன்னொரு ஆளாய்த்தான் வரப்போறன்,” என்றாள்.

“உமக்குத் தெரிஞ்சு வாறீர். வாசிக்கிறவைக்கும் இது மாத்தின பேரெண்டு தெரியும்.”

“அதுவோ வித்தியாசம்?”

“அதுதான் எண்டு நினைக்கிறன்.”

“எனக்கு இன்னும் வடிவா விளங்கேல்லை,” என்றாள். எனக்கும்தான்.

7.

முடிவுகள்.

முதல் முடிவில் அவள் செய்தியைத் திறக்கிறாள். கடுமையாக எழுதுகிறாள், அவன் பொறுத்துக்கொள்கிறான், மெல்ல மெல்ல — இது அவனுக்கு வசதியான முடிவு.

இரண்டாவதில் அழித்துவிடுகிறாள். கடல் அமைதியாக இருக்கிறது. (என் கதைகளில் முடிவு தெரியாதபோதெல்லாம் கடல் அமைதியாக இருக்கும்.) இது வாசகருக்கு வசதியானது, ஒருவருக்குத் தண்டனை கிடைத்துவிடும்.

மூன்றாவதில் அவளும் யூலியானாவும் சந்திக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு நிறுத்தினேன்.

இந்த வகைக் கதையில், “நீங்கள் கஜானியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று உங்களைக் கேட்டு முடிப்பது வழக்கம். கேட்கமாட்டேன். நீங்கள் கஜானி இல்லை. உங்கள் சொந்தப் பெயரில் இருந்துகொண்டு, மிரோஜனைப் பற்றி என்ன நினைக்கிறீர்களோ அதை நினையுங்கள்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தேன். போன கிழமை கஜானி தொலைபேசி எடுத்தாள்.

“அக்கா, அந்த அண்ணாவின்ர பேர் என்ன? எவ்வளவோ கதைச்சிருக்கிறம். அண்ணா, அண்ணா எண்டுதான் எழுதுறது. நான் பேரைக் கேக்கவே இல்லை.”

எனக்குப் பெயர் தெரியும். சொல்லாவிட்டால், அவள் மிரோஜனிடம்தான் கேட்கவேண்டியிருக்கும். அவள் அந்தச் செய்தியைத் திறப்பாள். கதைக்கு ஒரு முடிவு கிடைக்கும், அதுவும் நல்ல முடிவு. “அதை அவரிட்டையே கேளுமன்” என்ற வாக்கியம் என் வாய் வரைக்கும் வந்தது.

பெயரைச் சொன்னேன்.

அவள் அதை ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு, “சரி அக்கா, மாடு அவிட்டுக்கொண்டு போட்டுது, வைக்கிறன்,” என்றாள்.

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்று நான் விசாரிக்கவில்லை.