காத்துப் படாத கட்டு

கிடேரிக் கன்று காலையில் நொண்டியது, பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது. கொழுகொழுவென்று வளர்ந்த கன்று. வீங்கிப்போன பின்தொடையை இராஜேஸ்வரி அமுக்கிப் பார்த்தபோது தோலுக்குக் கீழே பப்படம் நொறுங்குவதுபோல் நறநறத்தது. மாட்டு டொக்டர் வந்து பார்த்தார். இது மண்ணில் கிடக்கிற கிருமி, ஊசி போட்டிருந்தால் தப்பியிருக்கும், அறுத்துக் கிறுத்துப் பார்க்காமல் ஆழமாகத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோண்டுவதைப் பற்றி அவள் புருஷன் நடராஜாவுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கண்டி மாநகர சபையில் தண்ணீர்க் குழாய் வேலை அவருக்கு. ஊர்த் தெருவையெல்லாம் தோண்டிய மனிதர், குண்டசாலையில் தன் சொந்த மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் மழைச் சேற்றில் வழுக்கி, மம்பட்டியின் மேலேயே விழுந்துவைத்தார். கெண்டைக்கால் சதை ஆழமாகப் பிளந்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க," என்றாள் இராஜேஸ்வரி.

"இதுக்கெல்லாமா? வெட்டுக்காயத்துக்குப் போடுற ஏற்பு ஊசி போன வருசந்தான் போட்டேன். நீ கட்டி விடு, சரியாயிடும்."

ஒரு ஊசி ஒரு வியாதியைத்தான் தடுக்கும் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கட்டுப் போடுவது. புண்ணில் காத்துப் படக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டுச் சட்டம். காத்துப் பட்டால் சீழ் வைக்கும். அதுவும் செத்த கன்றைப் புதைத்த அன்றைக்குக் காத்து தனியாக வராது, காத்துக் கருப்பு என்கிற பேயையும் கூட்டிக்கொண்டு வரும். மேலாக இருந்த சேற்றைக் கழுவினாள். காப்பித்தூளை அள்ளி உள்ளே அடைத்தாள். பழைய சேலையைக் கிழித்து இறுகச் சுற்றி, அதற்கும் மேல் பொலித்தீன் பையைப் போட்டு முடிந்தாள். எறும்புகூட நுழையாத கட்டு. அவளே அதை ஒருமுறை மெச்சிக்கொண்டாள்.

மறுநாள் நடராஜாவுக்கு வலி தாங்கவில்லை. அதற்கடுத்த நாள் காய்ச்சல் கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கலகெதரவிலிருந்து அவர் தங்கை துஷ்யந்தி ஓடிவந்தாள். வந்த வேகத்தில் தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"கன்னுக்குட்டிக்கு வந்ததுதான் அண்ணனுக்கும் ஒட்டிக்கிச்சு. அந்தத் தாய்ப் பசுவையும் மொதல்ல வித்துத் தொலைங்க அண்ணி."

இராஜேஸ்வரிக்கும் அது சரியென்றே பட்டது. யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது, பசு அதற்கு வசதியாகக் கொட்டிலில் நின்றது. அன்றைக்கு அதன் முகத்தைப் பார்க்காமலே பால் கறந்தாள்.

மத்தியானம் கட்டை அவிழ்த்தாள். நாற்றத்தில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். கால் கறுத்து, பளபளத்து வீங்கியிருந்தது. புண்ணுக்கு மேலே விரலால் லேசாக அமுக்கினாள். நறநறத்தது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அவிழ்த்த கட்டையே பொலித்தீனோடு மறுபடி சுற்றிவிட்டு வாசலுக்கு ஓடி, தெருவில் போன த்ரீவீலை மறித்து நிறுத்தினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவரை நேரே ஒபரேஷன் தியேட்டருக்குத்தான் கொண்டுபோனார்கள். வெளியே வந்த டொக்டர் நபீல் ஒளிக்காமல் சொன்னார்.

"அழுகின சதையை எடுத்துட்டுப் புண்ணைத் தொறந்தே விட்டிருக்கோம். அழுகல் மேல ஏறாட்டி கால் தப்பும்."

"காலு இல்லாம அவர் எப்படிங்க குழி வெட்டுவாரு?" என்று கேட்டாள் இராஜேஸ்வரி. கேட்டபிறகுதான் அது டொக்டரிடம் கேட்கிற கேள்வியில்லை என்று உறைத்தது. இரவெல்லாம் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

விடியும்போது முழங்கால்வரை ஏறிவிட்டது. உயிரா காலா என்று கேட்டார்கள். நடராஜாவே தலையாட்டினார். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

காய்ச்சல் இறங்கி, அவர் கஞ்சி குடிக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள், டொக்டர் நபீல் கட்டிலருகே நின்றபோது துஷ்யந்தி விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டுல இருந்துதானே வந்துச்சு டொக்டர்? அந்தப் பசுவ விக்கிறதுக்கு ஆள் பேசிட்டோம்."

"பசு என்ன பாவம் செஞ்சது? கன்னுக்கு வந்தது வேற கிருமி, மனுசருக்குப் பொதுவா ஒட்டாது. இவருக்கு வந்தது அதோட சொந்தக்காரன். மண்ணுல, சாணியில எங்கயும் கிடக்கும்." டொக்டர் விளக்கப் படத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். "இதுக்குக் காத்துதான் ஆகாது. காத்துப் படாத இடம் கிடைச்சாத்தான் பெருகும். ஆழமான வெட்டு, உள்ள மண்ணு, அதை அடைச்சு, மேல பொலித்தீனும் சுத்தி... கழுவித் தொறந்து வச்சு அன்னைக்கே வந்திருந்தா கால் இருந்திருக்கும். யார் இப்படிக் கட்டினது?"

இராஜேஸ்வரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் பசுவைத் திட்டித் தீர்த்தவள். தன் கையாலேயே அவர் காலைக் கொன்றிருக்கிறாள்.

"நான்தான் டொக்டர்," என்றார் நடராஜா. "நானே கட்டிக்கிட்டேன்."

டொக்டர் நன்றாக ஏசினார். அவர் ஓய்ந்ததும் துஷ்யந்தி தொடங்கினாள். நடராஜா இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். துஷ்யந்தி தேத்தண்ணி வாங்கப் போனாள். இராஜேஸ்வரி குனிந்து அவர் காதருகே கேட்டாள்.

"ஏங்க அப்படிப் பொய் சொன்னீங்க?"

அவர் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அத்தன பேர் முன்னுக்கு ஒன்னைய ஏசுவாங்க. எந்திரிச்சு வந்து ஒன் பக்கத்துல நிக்க முடியாதுல்ல, புள்ள. அதான் படுத்த வாக்குலயே சொல்லிட்டேன்."