ஒற்றைப்படைக்கு ஒரு கோழி முட்டை

பின்கதவின் கொண்டியைப் போடாமல் விட்டது நான்தான். அதனால்தான் நாய்கள் உள்ளே வந்தன.

காலையில் வாழை மூட்டில் இறகுகள் கிடந்தன. பெட்டை மயில் சுவரோரம் கிடந்தது. அதன் முட்டைகள் ஓலைக்குவியலுக்குள், குழியில், அப்படியே இருந்தன. நான்கு. தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தன.

ஒரு வாரமாக அந்த மயில் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், நான் ஆபீஸ் விட்டு வருகிற நேரத்துக்குச் சுவர் தாண்டி இறங்கும். ஓலைக்குள் நுழையும். முட்டையிட்டுவிட்டு, இருட்டுமுன் போய்விடும். முந்தின நாள் மாலை அது போகவில்லை. அடை உட்கார்ந்துவிட்டது என்று புரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்து படுத்துவிட்டேன். கொண்டி நினைவில் இல்லை. அதைப் போடுவது குழல்வாய்மொழியின் வேலையாக இருந்தது. என் மனைவி. மஞ்சள்காமாலையில் போய் ஐந்து மாதம். இருபத்து நாலு வயது.

பக்கத்து வீட்டு சைதூன் அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் கணவர் மூசா துபாயில் இருந்தார். வீட்டில் அவளும் பதினோரு கோழிகளும்.

"கரிமுடிவானுவ, இப்படிக் கடிச்சுப் போட்டிருக்கே. முட்டை கெடக்கா தம்பி?"

"நாலு இருக்கு."

"எடுத்துட்டு வாங்க. எங்க செவலைக் கோழி அடைக்குக் கெடக்கு."

பனையோலைக் கடகப்பெட்டியில் மணல் பரப்பினாள். இடி முழங்கினால் முட்டை கலங்கும் என்று ஒரு கரித்துண்டும் ஆணியும் மணலில் செருகினாள். ஒவ்வொன்றாக முட்டைகளை வைத்தாள். வைத்தவள் கையை எடுக்காமல் யோசித்தாள்.

"நாலு ஆகாதே. இரட்டைப்படையில அடை வைக்கப்படாது."

"ஒண்ணைத் தள்ளிட்டு மூணா வைங்க."

"எதத் தள்ளட்டும்? நீங்களே சொல்லுங்க."

நான்கையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் உள்ளே போய் ஒரு கோழி முட்டை எடுத்து வந்து ஐந்தாக்கினாள். மயில் முட்டைகளுக்கு நடுவே அது சின்னதாக இருந்தது. செவலை ஏறி உட்கார்ந்து ஐந்தையும் அணைத்துக்கொண்டது.

நான் பாளையங்கோட்டையில் மூன்று வருஷம் விலங்கியல் படித்தவன். தவளையை அறுத்துக் குண்டூசி குத்தத் தெரியும். அந்த ஐந்தாவது முட்டை என்ன செய்யும் என்று எனக்கும் தோன்றவில்லை.

இருபத்தொன்றாம் நாள் சாயங்காலம் கோழிக்குஞ்சு வெளியே வந்தது. மற்ற நான்கும் கிடந்தபடி கிடந்தன. மறுநாள் தென்காசியில் ஆபீஸ் பியூன் மந்திரமூர்த்தியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவருக்கு இலஞ்சிப் பக்கம் தோப்பு உண்டு. மயில்கள் அடையும் இடம்.

"மயிலுக்கு இருபத்தெட்டு நாளுல்லா அண்ணாச்சி! கோழி முட்டையையும் சேத்தா வச்சிய? குஞ்சு வந்துட்டுன்னா கோழி எந்திச்சுப் போயிருமே."

பாதி நாள் லீவு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தேன். குற்றால சீசன் கூட்டம். எங்கள் மேலகரத்தில் இறங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

செவலை முற்றத்தில் குஞ்சோடு கிளறிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் முட்டைகளில் கொஞ்சம் சூடு மிச்சம் இருந்தது.

"கூமுட்டை தம்பி. குழி தோண்டிப் பொதைக்கலாம்னு இருந்தேன்."

"இன்னும் ஆறு நாள் இருக்குக்கா."

வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். ஒன்று அசையாமல் கிடந்தது. மூன்று, தண்ணீர் அடங்கிய பிறகும் தாமாக ஆடின. சைதூன் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அல்லாவே, உசிரு இருக்கு. ஒத்தப்படை ஒத்தப்படைன்னு நாந்தானே கெடுத்தேன்."

கொண்டி விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை.

குஞ்சின் சத்தம் கேட்டால் செவலை இருக்காது. அதனால் குஞ்சை ஒரு பைக்குள் போட்டு, இரண்டு தெரு தள்ளி இருந்த தன் தங்கை அலிமா வீட்டில் அக்கா கொண்டுபோய் விட்டாள். செவலை சாயங்காலம்வரை தேடியது. பிறகு வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்தது. நாலு நாள் இருந்தது. கொண்டை வெளுத்து, கையில் எடுத்தால் எடையே இல்லை. இருபத்தாறாம் நாள் காலையில் எழுந்து, தண்ணீர் குடித்து, முருங்கையில் ஏறிவிட்டது. பிடித்து வந்து கூடையால் மூடினோம். முட்டைகளுக்கு மேலே நின்றதே தவிர உட்காரவில்லை.

"அது மேல கோவப்பட முடியாது தம்பி. அதுக்கு உள்ளது முடிஞ்சிட்டு."

தெருவில் வேறு அடைக்கோழி இல்லை. சாரல் விடாமல் பெய்தது. பல்பு போட்டு வைக்கலாம் என்றால், காற்றில் கரண்டு மணிக்கு ஒருமுறை போய் வந்தது. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, முட்டைகளை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மூன்றையும் பழைய வேட்டியில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டேன். போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தேன். ஐந்து மாதமாக நான் ஒழுங்காகச் செய்துவந்த வேலை படுப்பது ஒன்றுதான்.

புரளக்கூடாது. தூக்கம் வந்தால் பயம். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை முட்டைகளைத் திருப்பி வைத்தேன். சைதூன் அக்கா கஞ்சி கொண்டு வந்தாள்.

"பிள்ளத்தாச்சிக்குக் குடுக்க மாதிரில்லா குடுக்க வேண்டியிருக்கு. மாங்கா எதுவும் வேணுமா?"

மறுநாள் சுரண்டையிலிருந்து மச்சான் சிவசைலம் வந்தார். குழல்வாய்மொழியின் அண்ணன். வருகிற வழியில் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்திருந்தார். தலை ஈரமாக இருந்தது. கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"காய்ச்சலா மாப்ளே?"

"இல்ல மச்சான்."

அவர் துண்டை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"அம்மா கேட்டுட்டு வரச் சொன்னா. ஆவணியில முகூர்த்த நாள் இருக்காம். சின்னவ வாலாம்பாளும் சரின்னுட்டா. வெளியில தேடுததுக்கு, தங்கச்சியே வந்தா நமக்குள்ளயே ஆச்சுல்லா." நான் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டேன். "எந்திச்சு உக்காருங்க மாப்ளே. படுத்துக்கிட்டே பேசுத விஷயமா இது?"

"எந்திரிக்க முடியாது."

"ஏன்?"

போர்வையை விலக்கிக் காட்டினேன். அவர் முட்டைக் கட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"எப்பருந்து இப்படி?"

"நேத்துலருந்து."

வாசலில் நின்ற சைதூன் அக்கா, "பயப்படாதிய. புத்திக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கு எறங்கிரும்," என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. சட்டென்று கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு குனிந்து என் வயிற்றில் காதை வைத்தார். ஈரத்தலை ஜில்லென்று இருந்தது.

"கத்துது மாப்ளே. உள்ள இருந்து கத்துது."

எனக்கு அதுவரை கேட்கவில்லை. அவர் சொன்ன பிறகுதான் கேட்டது. மிக மெல்லிய சத்தம்.

"ரெண்டு. ரெண்டும் வேற வேற சத்தம்."

அவர் தலையை எடுக்க வெகுநேரமாயிற்று. சுரண்டை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட்டார்.

"அம்மாட்ட என்ன சொல்ல?"

"இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க."

"முட்டையப் பத்தி?"

"அதையும்."

இருபத்தெட்டாம் நாள் விடியும்போது ஒன்றில் விரிசல் விட்டிருந்தது. உச்சிப்பொழுதுக்குள் இரண்டு குஞ்சுகளும் வந்துவிட்டன. தவிட்டு நிறம். உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால். அலிமா வீட்டிலிருந்து கோழிக்குஞ்சைக் கொண்டு வந்தார்கள். மாலையில் மூன்றையும் செவலைக்கு அடியில் விட்டோம். அது ஒரு மயில்குஞ்சின் தலையில் கொத்தியது. குஞ்சு விலகவில்லை, இன்னும் உள்ளே நுழைந்தது. செவலை இறக்கையைத் தாழ்த்தி மூடிக்கொண்டது.

மூன்றாவது முட்டையில் சத்தம் இல்லை. நான் அதோடு படுத்திருந்தேன். இருபத்தொன்பது. முப்பது.

முப்பதாம் நாள் மதியம் சைதூன் அக்கா வந்தாள்.

"தண்ணியில போட்டுப் பாப்பமா?"

"வேண்டாம்."

"அப்ப குடுங்க தம்பி."

"இன்னும் ஒருநாள் பாக்கலாம்க்கா."

அவள் ஆகாது என்று சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்தாள். முற்றத்தில் செவலை குஞ்சுகளை இரைக்குக் கூப்பிடும் சத்தம் கேட்டது. மழை வந்து நின்றது. அவள் எழுந்து போகவில்லை.

ஒருவழியாகக் கட்டை அவிழ்த்தேன். முட்டை சூடாகத்தான் இருந்தது. அது என் சூடு.

கையில் கொடுத்தேன். அவள் அதைச் சேலைத் தலைப்பில் பொதிந்துகொண்டு போனாள். வாசலில் திரும்பிப் பார்த்தாள்.

"மொதல்ல குளிங்க. வீடே நாறுது."

கால் இரண்டும் மரத்திருந்தன. கட்டிலைப் பிடித்துக்கொண்டு, எழுந்து நின்றேன்.